நிரப்ப இடமில்லாதவர்

நிரப்பகத்து இயந்திரம் ஒரு மனிதரைத் திருப்பி அனுப்பியது அதுதான் முதல் தடவை.

யுவராஜ் கையுறையைக் கழற்றிவிட்டு, சுவரில் இருந்த ஓட்டைக்குள் வலது கையை முழங்கை வரை நுழைத்தார். உள்ளே சுருக்கென்று குத்தியது. பழைய இயந்திரமாக இருந்தால் நேராக மருந்தை ஏற்றிவிடும். போன வாரம் வந்த இந்தப் புதியது முதலில் ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துப் பார்க்குமாம். பார்த்தது. பிறகு பெண் குரலில், "இடைவெளி பூஜ்யம். நிரப்ப இடமில்லை. அடுத்தவர் வரலாம்" என்றது.

பின்னால் நின்ற ஆள் சிரித்தார். "இன்னா பெருசு, ஹவுஸ்ஃபுல்லா?"

யுவராஜ் சிரிக்கவில்லை. பயம் வந்தால் அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டது. இன்னொரு தடவை கையை விட்டார். அதே குரல், அதே பதில். மூன்றாம் தடவை விடுவதற்குள் காவலர் வந்து அவருடைய கைப்பட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு நாளில் கூப்பிடுவார்கள், ஊரைவிட்டு எங்கும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்திரை மாதம். வெளியே தார் உருகிக் கிடந்தது. ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் கம்பளிக் கையுறை போட்டிருந்தார்கள். வியாசர்பாடியில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆறு வருடமாக யாருடைய கையும் சூடாக இல்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடிப்பதுகூட உறையோடுதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நாளக் காய்ச்சல் வந்தது. கிருமி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அதை விரட்ட உடம்பு தனக்குள்ளேயே மூட்டிக்கொண்ட தீதான் ஆட்களைக் கொன்றது. ரத்தக் குழாய்களின் உட்புறம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு தோல் இருக்கிறது. தரையில் ஓடு பதித்த மாதிரி செல்கள் ஒன்றை ஒன்று கை கோத்துக்கொண்டு நிற்கும். அந்தத் தீயில் அவை கருகி உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தில் குழாய் ஒழுகியது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, கட்டிலில் படுத்தபடியே மூழ்கிச் செத்தார்கள்.

அப்போதுதான் இடைநிரப்பியைக் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பொறி. ஒரு குப்பியில் பல கோடி இருக்கும். ரத்தத்தோடு ஓடிப்போய், எங்கே செல் உதிர்ந்த ஓட்டை இருக்கிறதோ அங்கே உட்கார்ந்து, சுற்றி நிற்கும் செல்களின் கையைப் பிடித்துக்கொள்ளும். ஒழுக்கு நிற்கும். செத்துக்கொண்டிருந்தவர்கள் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்கள். கண்டுபிடித்தவர்களுக்கு மாலை போட்டார்கள். போட வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் பொறி நான்கைந்து மாதத்தில் தேய்ந்துபோகும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு குப்பி, சாகும் வரைக்கும். தெருவுக்குத் தெரு நிரப்பகம் வந்தது. கைப்பட்டையில் தேதி விழாமல் பேருந்தில்கூட ஏற முடியாது.

யுவராஜ் புதுப்பேட்டையில் நாற்பது வருடம் டிங்கர் வேலை பார்த்தவர். இடிபட்டு நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. துருப்பிடித்து ஓட்டையான தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு அடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டை மேலேயே பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்து அனுப்புகிற கடைகள் அந்தத் தெருவில் நிறைய. வண்டி வெளியே போகும்போது கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஒரு மழைக்காலம் போனால் பட்டிக்கு அடியில் தகடே இருக்காது. இடைநிரப்பி என்றால் என்ன என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்றைக்கே யுவராஜ், இது பட்டி வேலை என்று சொல்லிவிட்டார். ஒன்பதாம் வகுப்பு தாண்டாதவர் சொன்னதை யார் கேட்பார்கள்.

அப்படியும் இரண்டு வருடம் போட்டுக்கொண்டார். பிறகு நிறுத்தினார். நிறுத்தியது யாருக்கும் தெரியாது, அவருடைய மனைவி நதியாவைத் தவிர.

நதியாவுக்குக் காய்ச்சல் பலமாக வந்திருந்தது. அவருக்கு லேசாகத்தான். ஒரு குப்பி அவளுக்கு மூன்று மாதம் தாங்கவில்லை, இரண்டாம் மாதமே கால் வீங்கியது. கூடுதலாகக் கேட்டால் ஆளுக்கு ஒன்றுதான் என்றார்கள். யுவராஜ் தன் கைப்பட்டையைக் கழற்றி அவள் கையில் மாட்டி அனுப்பினார். பழைய இயந்திரம் பட்டையைத்தான் பார்க்கும், அது யாருடைய கை என்று பார்க்காது. ஊரில் இல்லாத பக்கத்து வீட்டுக்காரரின் அட்டையில் சர்க்கரை வாங்கி வருகிற மாதிரிதான். இன்றைக்கு அவள் பட்டையில் ஒன்று, நாளைக்கு அவர் பட்டையில் ஒன்று. நான்கு வருடம் இப்படி ஓடியது. புது இயந்திரம் ரத்தத்தைப் பார்க்கிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான் அவரே வந்து வரிசையில் நின்றார். மாட்டிக்கொண்டார்.

கூப்பிட்டவர்கள் போலீஸ் இல்லை. நாள ஆய்வகத்தில் மகிழினி என்று ஒரு டாக்டர். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். யுவராஜை உட்காரச் சொல்லி, கையுறையைக் கழற்றச் சொல்லி, அவருடைய கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. மார்கழியில் டீ கிளாசைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பொத்தி வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் விரல்கள் குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தன.

யுவராஜுக்குச் சங்கடமாக இருந்தது. கையைப் பிடித்து யாரும் இத்தனை நேரம் உட்கார்ந்து வருடக்கணக்காகிறது. நதியா தொடுவதில்லை. உன் கை சுடுகிறது என்று ஒருநாள் சொன்னாள். அதற்கப்புறம் அவர் வீட்டுக்குள்ளேயும் உறை போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார்.

டாக்டர் கேட்டது ஒன்றுதான். எத்தனை நாளாக நிரப்பிக்கொள்ளவில்லை? யுவராஜ் கையை இழுத்துக்கொண்டார். வழக்கு எதுவும் வராது என்றார் டாக்டர். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார் இவர். எழுதித் தந்தார். யுவராஜ் அதை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்போதும் நம்பவில்லை. என்றாலும் நான்கு வருடம் என்று சொன்னார்.

"கால் வீங்கலையா, ஐயா?"

வீங்கியது. முதல் இரண்டு மாதம் யானைக்கால் மாதிரி. லுங்கியைத் தழையக் கட்டி மறைத்துக்கொண்டார். நிரப்பகத்துக்குப் போக முடியாது, போனால் பட்டை விஷயம் வெளியே வந்துவிடும். பிறகு தானாக வற்றிவிட்டது. டாக்டர் இதைக் கேட்டுக்கொண்டே எழுதினார். நாடு முழுக்கக் கால் வீங்கிய அத்தனை பேரும் அன்றைக்கே ஓடிப்போய் நிரப்பிக்கொண்டார்கள் என்றும், வீக்கத்தோடு சும்மா உட்கார்ந்திருந்த ஆள் இவர் ஒருவர்தான் என்றும் சொன்னார். பிறகு விளக்கினார்.

"செல்லுக்குக் கண்ணு கிடையாது, ஐயா. பக்கத்துக் கைதான் அதுக்கு எல்லாம். அந்தக் கை விட்டுப்போனா, ஆள் இல்லன்னு அதுக்குத் தெரியும். அப்பதான் அது ரெண்டாப் பிரிஞ்சு, காலி இடத்துக்குப் புதுசா ஒண்ண அனுப்பும். வேற எங்கேருந்தும் ஆள் வராது. பக்கத்துல இருக்கிறதுலேருந்துதான் வரணும்."

யுவராஜுக்கு உடனே புரிந்தது. "நீங்க பொம்மைக் கையைக் குடுத்துட்டீங்க."

"ஆமா" என்றார் டாக்டர்.

பொம்மைக் கையைப் பிடித்துக்கொண்டு செல்கள் ஆறு வருடமாகச் சும்மா இருந்தன. வயதாகிச் சில உதிர்ந்தன. உதிர்ந்த இடத்திலும் பொறி போய் உட்கார்ந்தது. உள்தோல் உயிரோடு இருந்தால், வேண்டிய நேரத்தில் குழாயைத் தளர்த்தி விரலுக்குச் சூட்டை அனுப்பும். பொறிக்கு அந்த வித்தை தெரியாது. ஊரே கையுறை போட்டுக்கொண்டு திரிவது அதனால்தான். குளிர்ச்சி காய்ச்சலின் மிச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது மருந்தின் வேலை. இப்போது சராசரி ஆளுக்குப் பத்தில் நான்கு இடம் பொறி என்றார் டாக்டர். யுவராஜுக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. அவருடைய பொறிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து விழ, ஒவ்வொரு ஓட்டையையும் பக்கத்துச் செல் பார்த்து, தானே அடைத்துவிட்டது.

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதை வெளியே சொன்னால் எல்லோரையும் குணப்படுத்தலாம், ஐயா என்றார். யுவராஜ் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தார். காது மறுபடியும் அடைத்துக்கொண்டது.

"ரெண்டு பங்கு போட்டுக்கிட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "யார் போட்டுக்கிட்டது?"

மறுநாள் நதியாவைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது இடம் பொறி.

நதியா ஷேர் ஆட்டோ ஓட்டியவள். மூலக்கடையிலிருந்து சென்ட்ரல் வரைக்கும் இருபத்தைந்து வருடம். சிக்னலில் போலீஸ்காரரோடு சண்டை போட்டுவிட்டு அதே கையோடு அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள். ஆய்வகத்தில் டாக்டர் சொன்னதையெல்லாம் வாயைத் திறக்காமல் கேட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். கையுறையைக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யுவராஜைப் பார்த்தாள்.

அவர் ஏதேதோ சொன்னார். அவள் கால் வீங்கியதைப் பார்க்க முடியவில்லை என்றார். தான் செத்தாலும் பரவாயில்லை, அவள் இருக்க வேண்டும் என்று நினைத்ததாகச் சொன்னார். எல்லாம் சினிமாவில் வருகிற மாதிரி இருந்தது. சொல்லும்போதே அவருக்கு அது தெரிந்தது.

நதியா முழுதாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "பட்டி வேலை, பட்டி வேலைன்னு தெரு முழுக்கச் சொல்லிக்கினு இருந்தியே. நீயே நம்பாத மருந்த எனக்கு எதுக்கு ரெண்டு பங்கா போட்டே?"

அவர் அதை ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. நான்கு வருடம், பதினாறு தடவை தன் பட்டையை அவள் கையில் மாட்டியிருக்கிறார். ஒரு தடவைகூட இந்தக் கேள்வி அவருக்கு வரவில்லை. நதியா எழுந்து போய் அரிசி களைந்தாள். அன்றிலிருந்து அவள் பேசியதெல்லாம் தேவைக்குத்தான்.

விஷயம் வெளியே வந்தது. முதலில் பொய் என்றார்கள். பிறகு வெளிநாட்டுச் சதி என்றார்கள். பிறகு எங்களுக்கு முன்பே தெரியும் என்றார்கள். படித்தவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். ஆறு மாதத்தில், ஒரேயடியாக ஒழுகிவிடாதபடி பொறிகளின் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும் மருந்து வந்துவிட்டது. ஊருக்கு ஊர் வெற்றில்லம் கட்டினார்கள். வெற்றில்லம் என்றால் வெற்று இல்லம்தான், உள்ளே ஒன்றும் இருக்காது. கட்டில், சுவர், ஜன்னல். பொறி விலகிய இடத்தில் முளைக்கும் புதுச் செல்லுக்குப் பிடிமானம் போதாது. இதயம் ஒரு துள்ளுத் துள்ளினால் ரத்தம் வேகமாக அடித்து அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். மறுபடி ஒழுக்கு, நுரையீரலில் நீர், சாவு. அதனால் நோயாளியின் மனம் அசையக் கூடாது. பாட்டு கிடையாது. செய்தி கிடையாது. கிரிக்கெட் கிடையாது. முக்கியமாக, வேண்டியவர்கள் யாரும் வரக்கூடாது.

நாற்பது நாள் அப்படிக் கிடந்தால் சாதாரண ஆளுக்குச் சரியாகிவிடும். போனவர்கள் வெறும் கையோடு திரும்பி வந்து பார்த்தவர்களையெல்லாம் தொட்டார்கள். பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். கம்பளிக் கையுறைகள் குப்பைமேட்டில் குவிந்தன.

நதியாவுக்கு நாற்பது நாள் போதாது. பத்தில் ஒன்று வைத்துக்கொண்டு ஒன்பதை முளைக்கவைக்க வேண்டும். மூன்று வருடம் ஆகும், பிழைப்பதும் பாதிக்குப் பாதிதான் என்றார் மகிழினி. வேண்டாம் என்றால் ஆயுளுக்கும் குப்பி போட்டுக்கொள்ளலாம், ஆனால் எல்லோருக்கும் குணமான பிறகு குப்பி செய்கிற ஆலை எத்தனை நாள் ஓடும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். நதியா யுவராஜிடம் கேட்கவில்லை. நேராக டாக்டரிடம், போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

திருப்போரூர் தாண்டிக் கடலோரத்தில் இருந்தது அந்த வெற்றில்லம். மூன்று வருடக்காரர்களுக்கென்றே கட்டியது. அத்தனை நாள் ஒரு மனித முகத்தையும் காட்டாமல் வைத்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஒரு விதியைத் தளர்த்தியிருந்தார்கள். முதல் நாள் நோயாளியைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கண்ணாடிக்கு வெளியே நடக்கவிடுவார்கள். சுவரில் நாடிக்கண் என்று ஒரு கருவி, நோயாளியின் நாடியைத் தள்ளியிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும். யாரைப் பார்த்து நாடி எட்டுக்கு மேல் ஏறுகிறதோ அவருக்குத் தடை. ஏறாவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை வரலாம்.

அன்றைக்கு அங்கே பத்துப் பதினைந்து குடும்பங்கள் இருந்தன. ஓர் அம்மாவைப் பார்த்ததும் உள்ளே இருந்த மகனின் நாடி இருபத்தாறு ஏறியது. தடை. அந்த அம்மாள் அழுதாள். அழுதுகொண்டே வெளியே வந்து அங்கிருந்த எல்லோரிடமும் இருபத்தாறு, இருபத்தாறு என்று சொன்னாள். புதிதாகக் கல்யாணமான பையனுக்கு முப்பத்தொன்று. அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தான். தடை வாங்கியவர்கள் யாருக்கும் உள்ளுக்குள் வருத்தமில்லை.

நதியாவின் தங்கை திவ்யா நடந்தாள். பதினான்கு. தடை. அடுத்து யுவராஜ்.

அவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தார். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். நதியா அவரைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை, நன்றாகவே பார்த்தாள். இவர் கையைக் கொஞ்சம் தூக்கினார். அவளும் தலையை ஆட்டினாள். இன்னொரு தடவை நடக்கச் சொன்னார்கள், நடந்தார்.

மகிழினி கருவியைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"பூஜ்யம், ஐயா" என்றார். "நீங்க தினமும் வரலாம்."

யுவராஜ் எட்டிக் கருவியைப் பார்த்தார். கருவி கெட்டுப்போயிருக்கும் என்றார். இல்லை. அவள் உடம்பில் இருக்கிற பொறிகள் நாடியை அமுக்கி வைத்திருக்குமோ என்றார். நாடி இதயத்தின் வேலை, அதை நிரப்பி தொடாது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். தங்கைக்குப் பதினான்கு ஏறியதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் தினமும் போனார். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பேருந்து மாறி, இரண்டரை மணி நேரம். அங்கே ஒரு மணி நேரம். திரும்ப இரண்டரை மணி நேரம். பார்வையாளர் கூடத்தில் முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பெரும்பாலும் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார். எப்போதாவது ஓர் எல்.ஐ.சி. ஏஜென்ட் வருவார், யாரோ ஒருவருடைய வீட்டு உரிமையாளர் வருவார், ஒரு மாமியார் மாதம் ஒருமுறை வந்து பெருமையாக உட்கார்ந்துவிட்டுப் போவாள். நாடி துள்ளாத சொந்தங்கள் அவ்வளவுதான். ஊழியர்கள் அவருக்குப் பூஜ்யம் ஐயா என்று பேர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

நதியாவின் அறையில் இரண்டு ஆள் நீளத் தூரத்தில் அவருக்கு ஒரு ஸ்டூல். தொடக் கூடாது. பஸ் கிடைத்ததா என்று கேட்பாள். கிடைத்தது என்பார். சாப்பிட்டாயா என்பாள். ஆச்சு என்பார். தண்ணீர் லாரி வந்ததையும், மாடி வீட்டுக்காரன் மோட்டார் ரிப்பேர் ஆனதையும் சொல்வார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாடிக்கண்ணில் பச்சை விளக்கு நின்று எரியும். ஆரம்பத்தில் அவர் அந்த விளக்கை அடிக்கடி பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே அறையில் படுத்துத் தூங்கியபோதுகூட நாடி இப்படித்தான் இருந்திருக்குமோ, அளந்து சொல்ல ஆள் இல்லாததால் தெரியாமல் போய்விட்டதோ என்று பேருந்தில் வரும்போது நினைப்பார். நிறுத்தம் தவறிவிடும்.

கோடை ஒன்று போனது. மழைக்காலம் ஒன்று போனது. இன்னொரு கோடையும் போனது. அவளுடைய எண்ணிக்கை ஒன்பதிலிருந்து எட்டாகி, ஏழாகி, ஐந்தானது. மகிழினி தன் முறைக்கு நாற்பது நாள் போய்வந்து, அவரைப் பார்த்ததும் கையை நீட்டினார். சூடாக இருந்தது. பெரிய மனிதர்கள் யுவராஜுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை அவர் வாங்கியதோடு சரி, பிரிக்கவில்லை.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. லாரி வரவில்லை, மாடி வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு தீர்ந்துபோன ஸ்டூலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நதியாவுக்கு அப்போதுதான் சாப்பாடு வந்தது. உப்பில்லாத சாதம், உப்பில்லாத கத்திரிக்காய்க் கூட்டு. அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, இரண்டு வருடத்துக்கு மேலாகத் தேடிய பதில் அந்தத் தட்டில் இருப்பது தெரிந்தது.

"நதியா" என்றார். "அன்னிக்குக் கேட்டியே. நம்பாத மருந்த உனக்கு எதுக்குப் போட்டேன்னு."

அவள் கையில் எடுத்த கவளத்தோடு நிமிர்ந்தாள்.

"எனக்குக் கத்திரிக்கா புடிக்காது. முப்பத்தெட்டு வருசமா நீ வச்சதை எடுத்து உன் தட்டுலதான் தள்ளுவேன். உனக்குப் புடிக்குமான்னு ஒருநாளும் கேட்டதில்ல. வேணாங்கறத வீசறதுக்கு மனசு வராது. அதான். அந்த மருந்தும் அதான். உனக்கு நல்லதுன்னு குடுக்கல. உன்னைக் கொல்லணும்னும் குடுக்கல. எனக்கு வேணாம்னு இருந்துச்சு, பக்கத்துல உன் தட்டு இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது.

நதியா அவரைப் பார்த்தாள். கையில் இருந்த கவளம் தட்டில் விழுந்தது. வாய் கோணியது. அழப்போகிறாளா, கத்தப்போகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "எனக்கும் புடிக்காதுயா" என்றாள். "எங்கம்மா ஊட்லயே நான் கத்திரிக்கா தொட மாட்டேன்."

"அப்புறம் ஏன் சமைச்சே?"

"நீ சின்ன வயசுல ஆசையாத் தின்னதா உங்கம்மா சொல்லிச்சு."

நாடிக்கண் சிவப்பாகிக் கத்தியது. மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் நதியாவைப் படுக்கவைத்தார், ஒருவர் ஊசியை எடுத்தார், இன்னொருவர் யுவராஜின் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். கதவு மூடுவதற்குள் அவர் திரும்பிப் பார்த்தார். ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. அவள் முகம் தெரியவில்லை. ஏதோ சத்தம் கேட்டது. அது சிரிப்பாகவும் இருக்கலாம், இருமலாகவும் இருக்கலாம்.

அந்தக் காலிக் கூடத்தில் முப்பது நாற்காலிகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. வாழ்நாளில் அவர் எந்த டாக்டரையும் முழுதாக நம்பியதில்லை. அன்றைக்கு யார் வந்து என்ன சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தார்.

சாயங்காலம் மகிழினி வந்தார். களைத்திருந்தார். இரண்டு மூன்று இடத்தில் ஒழுகியது, நுரையீரலில் கொஞ்சம் நீர் சேர்ந்தது, ஆனால் நின்றுவிட்டது என்றார். பக்கத்துச் செல்கள் தாங்கிக்கொண்டன, ஆறு மாதம் முன்னால் நடந்திருந்தால் தாங்கியிருக்காது என்றார். யுவராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நாளையிலேருந்து நீங்க வரக்கூடாது, ஐயா" என்றார் டாக்டர்.

"எத்தினி ஏறுச்சு?"

"இருபத்தொம்பது."

யுவராஜ் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "கோவமா?" என்று கேட்டார். "இல்ல சிரிப்பா?"

"நாடிக்கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ஐயா. துள்ளுச்சு, அவ்வளவுதான்."

"உள்ள போய் நீங்க கேக்கலாமே."

கேட்டால் மறுபடி துள்ளும் என்றார் டாக்டர். உங்கள் பேரை அந்த அறையில் இனி யாரும் எடுக்கக்கூடாது என்று எழுதிப் போட்டாகிவிட்டது என்றார்.

யுவராஜ் வெளியே வந்தார். கடல் காற்று அடித்தது. தினமும் வருகிற பேருந்து வந்து நின்றது. கண்டக்டருக்கு அவரைத் தெரியும். ஏன் இன்றைக்கு இவ்வளவு நேரம் என்று கேட்டார். தடை போட்டுவிட்டார்கள் என்றார் யுவராஜ். அந்தத் தடத்தில் ஓடுகிற கண்டக்டர்களுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். எத்தனை என்று கேட்டார். இருபத்தொன்பது என்று சொன்னபோது யுவராஜின் குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்தது. முன் இருக்கையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, அரிசி களைந்து உலையில் போட்டார். ஒரு தட்டை எடுத்து வைத்தார். நாளைக்கு எங்கும் போக வேண்டியதில்லை. நாளன்றைக்கும் இல்லை. கோபமா, சிரிப்பா என்று ஒரே ஓர் ஆளிடம்தான் கேட்க முடியும். கேட்பதற்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.